மேயரைக் குடிவைத்த கதை

ஓரின் ஸ்கோக்ஸ்டாடுக்குப் பூனைகளைப் பிடிக்காது. டுலூத் நகரத்தில் முப்பத்தொரு வருடம் பள்ளிப் பேருந்து ஓட்டியவருக்கு, நன்றிகெட்ட ஜீவன்களைப் பற்றி யாரும் புதிதாகச் சொல்லித்தர வேண்டியதில்லை. மனைவி லவோன் வளர்க்கும் இரண்டு பூனைகளோடு ஒன்பது வருடமாக ஒரே கூரையின் கீழ் இருக்கிறார், அவ்வளவுதான். இங்கா என்ற வெள்ளைப் பூனைக்குத் தான் ஏதோ அரண்மனைக்குப் போகவேண்டியது, விலாசம் தவறி இங்கே வந்துவிட்டதாக நினைப்பு. மற்றது பெர்டில், ஆரஞ்சு நிறத் தலையணை. தலையணையாவது தலைக்கு உதவும்.

இந்த லட்சணத்தில் அக்டோபர் தொடக்கத்தில் மூன்றாவதாக ஒன்று வந்து சேர்ந்தது. ஒற்றைக் கண், பாதிக் காது, வாயில் எண்ணி ஏழு பல். தெருவிலுள்ள குப்பைத் தொட்டிகளை எல்லாம் வயிற்றை ஆட்டிக்கொண்டு பார்வையிடும். எதையும் சரிசெய்யாமல் போய்விடும். அதனால் ஓரின் அதற்கு மேயர் என்று பெயர் வைத்தார். எதிர்வீட்டு வேட்டை நாயை அது அடித்து வாசற்படிக்கு அடியில் அனுப்பியதைத் தெருவே பார்த்தது. பிறகு ஓரினின் கார் கொட்டகைக்குள் நுழைந்து, பனி அள்ளும் இயந்திரத்தின் மேல் ஏறிப் படுத்துக்கொண்டு, அவரைப் பார்த்துச் சீறியது.

விரட்டிவிடுகிறேன் என்று லவோனிடம் சொன்னார். மறுநாள் விரட்டுவதற்காகவே நான்கு டப்பா மத்தி மீன் வாங்கி வந்தார். அதற்கடுத்த வாரம் விரட்டுவதற்காகவே மருத்துவரிடம் கொண்டுபோனார். மருத்துவர் கிழிந்த காதைத் தைத்தார், விதையடித்தார், ஊசிகள் போட்டார், தொற்று நோய் எதுவும் இல்லை என்று சோதித்துச் சொன்னார். கடைசியில், இது இன்னொரு குளிர்காலத்தை வெளியில் தாங்காது என்றும் சொன்னார். ஓரின் அதைக் காதில் வாங்காதவர் போலச் சுவரிலிருந்த நாட்காட்டியைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

மூன்றும் பூனைதானே, தங்களுக்குள் பேசித் தீர்த்துக்கொள்ளும் என்று நினைத்து மேயரை நேராக வரவேற்பறையில் இறக்கிவிட்டதுதான் அவர் செய்த முதல் முட்டாள்தனம். நாற்பது நொடியில் ஒரு விளக்கு போயிற்று, ஒரு திரைச்சீலை போயிற்று, பெர்டிலின் மூக்கில் ரத்தம். இங்கா திரைக் கம்பியின் மேல் ஏறி அங்கிருந்தே சோபாவை நனைத்தது. பெர்டில் துணி துவைக்கும் இயந்திரத்தின் பின்னால் போய் இரண்டு நாள் வரவில்லை. அதனால் அதன் எடை ஏதும் குறையவில்லை என்பதை ஓரின் கவனித்தார்.

லவோன் கத்தவில்லை. அந்த ஊரில் யாரும் கத்துவதில்லை. சோபாவைத் துடைத்து முடித்துவிட்டு, காபியும் போட்டுக் கொடுத்துவிட்டுத்தான் பேசினாள்.

"நவம்பர் கடைசி, தேங்க்ஸ்கிவிங் விருந்து வரைக்கும் பாக்கலாம் ஓரின். அதுக்குள்ள மூணும் ஒத்துப்போகலேன்னா, டர்வுட் தன்னோட பண்ணைக்குக் கொண்டுபோறேன்னு சொல்லியிருக்கான்."

டர்வுட் அவளுடைய சித்தப்பா மகன். அறுபது மைல் வடக்கே மாட்டுப் பண்ணை வைத்திருக்கிறான். அவன் கொட்டகையில் ஒவ்வொரு வசந்தத்திலும் புதுப்பூனைகள் இருக்கும். பழையவை என்ன ஆயின என்று அவனும் சொன்னதில்லை, யாரும் கேட்டதும் இல்லை.

"நல்ல ஏற்பாடுதான்" என்றார் ஓரின். பிறகு கொட்டகைக்குப் போய், ஒரு மணி நேரம் ஒரு வேலையும் செய்யாமல் நின்றுவிட்டு வந்தார்.

நகர விலங்குக் காப்பகத்திலிருந்து பூனைகளின் மனம் அறிந்த ஆலோசகர் ஒருவர் இலவசமாக வருவார் என்றார்கள். வந்தது அன்னிகா. மூன்றாம் வகுப்பில் அவருடைய பேருந்தின் படிக்கட்டில் வாந்தி எடுத்த அதே அன்னிகா. இப்போது மூக்கில் வளையம், கையில் அச்சிட்ட தாள். பூனைகளுக்கு மனம் உண்டு என்பதையே ஓரின் ஒப்புக்கொள்ளவில்லை. அதை அறிந்தவள் இவள் என்றால் கேட்கவே வேண்டாம்.

மேயரைத் தனியறையில் வை; கதவுக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஒரே நேரத்தில் சாப்பாடு வை; ஒரு காலுறையை மேயரின் கன்னத்தில் தேய்த்து மற்ற இரண்டின் சாப்பாட்டுத் தட்டருகே போடு, அவற்றின் வாசனையை இதனிடம் கொண்டுவா; வாசனை பழகிய பிறகு வலைக்கதவு வழியாகப் பார்க்கவிடு. இப்படிப் போயிற்று அவள் பாடம். சண்டை மூண்டால் கையை நுழைக்காதே, நடுவில் ஒரு அட்டையை இறக்கு என்றாள்.

"இதெல்லாம் செஞ்சா மூணும் சிநேகிதமாயிடுமா?" என்று ஓரின் கேட்டார். கேலியாகத்தான் கேட்டார், குரல்தான் கொஞ்சம் காலை வாரிவிட்டது.

"சிநேகிதமெல்லாம் வேணாங்க ஓரின். ஒண்ணை ஒண்ணு கண்டுக்காம இருந்தாப் போதும். பூனைங்க கணக்குல அதுதான் நிம்மதி. உத்துப் பாத்தா சண்டை, அலட்சியமா இருந்தா சமாதானம்."

இதற்கு ஒரு படிப்பா என்று நினைத்தார். அலட்சியம்தான் வேண்டும் என்றால் தன்னிடமே பாடம் கேட்டிருக்கலாமே. மைத்துனிகள் நான்கு பேரோடு நாற்பது வருடம் காலம் தள்ளியவர் அவர். அன்னிகா போன பிறகு அந்தத் தாளைக் குளிர்பெட்டியின் கதவில் காந்தம் வைத்து ஒட்டினார். ஒரு வரி விடாமல் கடைப்பிடிக்கவும் தொடங்கினார்.

தினமும் காலையில் மான்தோல் கையுறை போட்டுக்கொண்டு மேயரின் அறைக்குப் போவார். தரையில் உட்கார்ந்து, உள்ளூர்ப் பத்திரிகையில் வரும் வாசகர் கடிதங்களைச் சத்தமாகப் படிப்பார். நடைபாதைப் பனியை யார் அள்ளுவது என்று ஊரார் எழுதிய மடத்தனங்களை மேயர் கட்டிலுக்கு அடியிலிருந்து கேட்கும். இந்த ஊரைப் பற்றி அதற்கும் அவருக்கும் ஒரே அபிப்பிராயம் என்று அவருக்குப் பட்டது. அந்த ஆறுதலில் கையை நீட்டுவார். மேயர் கடிக்கும். ஏழு பல்லும் தோலில் இறங்கியதை எண்ணிப் பார்த்துவிட்டு, நாளைக்குப் பார்க்கலாம் என்று எழுந்துகொள்வார்.

காலுறையை அதன் கன்னத்தில் ஒரு குச்சியால் ஒற்றி எடுத்துச் சமையலறை மேசையில் வைப்பார். அதைத் தட்டருகே கொண்டுபோய்ப் போடுவது லவோனின் வேலை. அவளிடமிருந்து இரண்டு பூனைகளின் காலுறை இவருக்கு வரும். கணக்காக நடந்தது எல்லாம். மூன்று வாரம் ஆகியும் பலன் இல்லை. கதவுக்கு அந்தப் பக்கம் மேயர் மூச்சுவிட்டாலே இங்கா முதுகை வளைத்தது. இந்தப் பக்கம் பெர்டில் தட்டைத் தொட்டாலே மேயர் கதவில் பாய்ந்தது. ஊரை ஒட்டிய ஏரியிலிருந்து வரும் காற்றில் ஊசி ஏறிவிட்டது. தேங்க்ஸ்கிவிங்குக்குப் பதினொரு நாள்தான் மிச்சம்.

அன்றைக்குத்தான் அவர் எதையோ தேடிக் கீழ்த்தளத்துக்குப் போனார். அங்கே கொடியில் நான்கு காலுறைகள் கிளிப் மாட்டித் தொங்கின. அவை மேயரின் காலுறைகள். எடுத்து மோந்து பார்த்தார். பூனை வாசனை மருந்துக்கும் இல்லை. லாவெண்டர் சோப்பு கமகமத்தது. பக்கத்துக் கூடையில் இன்னும் நான்கு, மடித்து, இஸ்திரி போட்டு.

முதலில் அவருக்குத் தோன்றியது சூழ்ச்சி. இருபது நாளாக, வாயால் வேண்டாம் என்று சொல்லாமல் காரியத்தால் சொல்லியிருக்கிறாள். மனிதப் பிறவியின் மேல் அவருக்கிருந்த கொஞ்சநஞ்ச மரியாதையும் அந்தக் கீழ்த்தளத்தில் கரைந்தது. காலுறை ஒன்றைப் பிடித்துக்கொண்டே படியேறிப் போய் அவள் முன்னால் மேசையில் வைத்தார்.

"இதத் தொவச்சியா?"

"ஆமா. தினம் தொவச்சுதானே வைக்கிறேன்."

"இதுல வாசனை இருக்கணும் லவோன். அதுக்குத்தான் இந்தக் கூத்தே."

லவோன் காலுறையைப் பார்த்தாள், அவரைப் பார்த்தாள். பக்கத்து வீட்டில் இரவல் வாங்கிய பாத்திரத்தை வாங்கியதைவிடப் பளபளப்பாகத் தேய்த்துத் திருப்பித் தருகிற பரம்பரை அவளுடையது. முகம் மெல்லச் சிவந்தது.

"ஒருத்தர் அழுக்கை அப்படியே எடுத்துப்போய் இன்னொருத்தர் சாப்பிடற இடத்துல எப்படிப்பா வைக்கிறது" என்றாள். "அது எனக்குத் தோணவே இல்ல. அந்தப் பொண்ணு துணி வாசனையா இருக்கணும்னு சொல்றான்னு நெனச்சு நல்ல சோப்பாப் பாத்துப் போட்டேன்."

அவள் பொய் சொல்லத் தெரியாதவள். சூழ்ச்சி செய்ய வேண்டுமென்றால் முதலில் அதற்கான இடத்தைத் துடைத்து வைப்பாள். ஓரினுக்குச் சிரிப்பு வந்தது. கீழ்த்தளத்துப் படி பதினான்கும் ஏறுவதற்குள் நாற்பது வருட மனைவியைச் சதிகாரி ஆக்கிவிட்ட தன் மூளையை நினைத்ததும் அந்தச் சிரிப்பு பாதியில் நின்றது. பூனைக்கு மனம் இல்லை என்று சொல்லித் திரிகிறவருக்கு இருந்த மனத்தின் யோக்கியதை அது.

மறுநாளிலிருந்து துவைக்காத காலுறை. லவோன் அதைச் சமையல் இடுக்கியால் பிடித்து, முகத்தை ஒரு பக்கம் திருப்பிக்கொண்டு போய் வைத்தாள். இங்கா அதை மோந்து, வாயைப் பிளந்து, பெரிய இடத்து விருந்தில் ஊசிப்போன பண்டத்தைக் கண்டதுபோல நின்றது. அடுத்த நாள் காலுறையைத் தாண்டிப் போய்ச் சாப்பிட்டது. நான்காம் நாள் பெர்டில் அதன் மேலேயே படுத்துக்கொண்டது. ஆறாம் நாள் கதவின் இரண்டு பக்கமும் சப்புக்கொட்டும் சத்தம் தவிர வேறு சத்தம் இல்லை. எட்டாம் நாள் வலைக்கதவு வைத்தார்கள். மேயர் ஒற்றைக் கண்ணால் பார்த்தது. இங்கா வலையில் பாய்ந்தது. அரண்மனை வளர்ப்பு அதுதான். ரவுடி மேயர் இரண்டடி பின்வாங்கியதைக் கண்ட லவோன் இங்காவைத் தூக்கிக்கொண்டு போனாள். ஒன்பதாம் நாளும் அதே கதை. அன்னிகாவைத் தொலைபேசியில் கேட்டதற்கு, இன்னும் இரண்டு வாரம் பொறுங்கள் என்றாள். இரண்டு வாரத்துக்கு ஓரின் எங்கே போவார்?

புதன்கிழமை, விருந்துக்கு முந்தைய நாள் மதியம், டர்வுட் வந்துவிட்டான். நாளைக்குச் சாலையில் பனி கொட்டும் என்றானாம் வானொலிக்காரன். கையில் கம்பிக் கூண்டு. கதவைத் திறந்து அவனை உள்ளே விட்ட ஓரின், மேயரின் அறையிலிருந்து தான் எழுந்து வந்தபோது வலைக்கதவின் கொக்கியைப் போட மறந்ததை அப்போது நினைக்கவில்லை.

லவோன் காபி ஊற்றிக்கொண்டிருந்தாள். மேயர் சமையலறைக்குள் நடந்து வந்தது. மேசைக்கு அடியில் இங்கா. அடுப்போரம் பெர்டில். மூன்றும் நின்றன. இங்காவின் வால் பாட்டில் கழுவும் தூரிகை ஆயிற்று. மேயரின் அடித்தொண்டையிலிருந்து, பழைய பேருந்து குளிரில் கிளம்பும்போது வருகிற உறுமல் புறப்பட்டது. டர்வுட் நாற்காலியைத் தள்ளி எழப்போனான்.

"ஒக்காரு" என்றார் ஓரின், உதடு அசையாமல். "யாரும் அதுங்களப் பாக்காதீங்க. சும்மா பேசிட்டிருங்க."

இதை வேறு எந்த ஊர்க்காரரிடம் சொல்லியிருந்தாலும் நடந்திருக்காது. அந்த ஊர்க்காரர்களுக்கு அது பிறவி வித்தை. தேவாலய விருந்தில் குடித்துவிட்டு வந்த மாமாவை, கல்யாண வீட்டில் அழும் பெண்ணை, அப்பா பெயரை யாரும் கேட்காத குழந்தையை, எல்லாவற்றையும் காணாமல் கண்டு காபி குடித்து வளர்ந்தவர்கள் அவர்கள். டர்வுட் மறுபடி உட்கார்ந்தான். ஜன்னலைப் பார்த்தான்.

"வடக்கக் காத்து" என்றான்.

"ஆமாமா" என்றாள் லவோன். "போன வருஷம் இந்நேரம் இவ்வளவு இல்ல."

"போன வருஷம் வேற."

காலடியில் உறுமல் ஏறி ஊளை ஆயிற்று. ஓரின் காபியைப் பார்த்தபடி, பனிக்கால டயர் மாட்டிவிட்டாயா என்று டர்வுட்டை விசாரித்தார். மாட்டவில்லை, மாட்ட வேண்டும் என்று அவன் சொன்னான். டயர்களைப் பற்றி மூன்று பேரும் ஆறு நிமிடம் பேசினார்கள். அதில் சொல்வதற்கு ஒரு நிமிடத்துக்குத்தான் விஷயம் இருந்தது. லவோனின் விரல்கள் கோப்பையின் காதைப் பிடித்து வெளுத்திருந்தன. பூனைகளைப் பார்க்க ஒருவரும் இல்லை. பார்க்க ஆளில்லாத சண்டைக்கு என்ன மரியாதை?

ஊளை தேய்ந்து உறுமல் ஆயிற்று. உறுமல் நின்றது. மேயர் சட்டென்று தரையில் உட்கார்ந்து, இங்காவுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, பின்னங்காலை வானத்துக்குத் தூக்கி நக்கத் தொடங்கியது. அதைவிடப் பெரிய அவமரியாதை அந்தச் சமையலறையில் அதுவரை நடந்ததில்லை. இங்கா கொஞ்ச நேரம் நின்று பார்த்தது; பிறகு, இந்த அளவுக்குக் கீழே இறங்க என்னால் முடியாது என்பதுபோலத் தலையைத் திருப்பிக்கொண்டு, மேயரின் வாலுக்கு ஒரு சாண் தள்ளி நடந்து வெளியே போயிற்று. பெர்டில் எழுந்து மேயரின் அறைக்குப் போய், அதன் தட்டில் மிச்சமிருந்ததைத் தின்றது.

டர்வுட் தொண்டையைச் செருமினான். கூண்டைக் காலால் லேசாக முன்னால் நகர்த்தினான்.

"அப்ப, கொண்டுபோயிரட்டுமா மச்சான்? வெளிச்சம் இருக்கையிலேயே போயிட்டா நல்லது."

ஓரின் வாயைத் திறப்பதற்குள் லவோன் கோப்பையைத் தட்டில் வைத்தாள். எதையும் மறுக்க வேண்டுமென்றால் 'அப்படியும் செய்யலாம்' என்று சொல்லித்தான் அவளுக்குப் பழக்கம்.

"வேணாம் டர்வுட்" என்றாள். "அது இங்கயே இருக்கட்டும்."

மூன்று பேருக்குமே அந்த வார்த்தை கொஞ்சம் கூச்சமாக இருந்தது. டர்வுட் தொப்பியை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். சரிதான், சரிதான் என்றான். விருந்துக்குச் செய்த பூசணிப் பலகாரம் ஒரு துண்டு சாப்பிட்டுப் போ என்றதற்கு இரண்டு தடவை வேண்டாம் என்று சொல்லி, மூன்றாவது தடவை இரண்டு துண்டு சாப்பிட்டான். வெறும் கூண்டோடு கிளம்பிப் போனான்.

ஓரின் அடுப்பைப் பார்க்கிற சாக்கில் திரும்பி நின்று மூக்கைச் சிந்தினார். ஏதாவது சொல்ல வேண்டும் என்று இருந்தது. லவோனிடம் சொல்ல முடியாததை மேயரிடம் காட்டலாம் என்று குனிந்து, கையுறை இல்லாத கையால் அதன் முதுகைத் தடவினார்.

மேயர் கடித்தது.

லவோன் இழுப்பறையைத் திறந்து கட்டுத்துணியை எடுத்து மேசையில் வைத்தாள். அவர் பக்கம் திரும்பாமலே, டயர் விஷயத்தில் டர்வுட் எப்பவுமே இப்படித்தான் என்றாள்.