தொண்டையாரின் மௌனம்

இசையமைப்பாளருக்கு இசை எழுதத் தெரியாது. இதைக் குறையாகச் சொல்லவில்லை. சமைக்கத் தெரியாதவர்கள் ஹோட்டல் நடத்தாமலா இருக்கிறார்கள்? அவருக்கு முனகத் தெரியும். முனகுவதற்கு முன்னால் வெகுநேரம் தொண்டையைச் செருமத் தெரியும். வாத்தியக்காரர்கள் அவரை நேரில் 'ஐயா' என்றும், கதவைச் சாத்திக்கொண்டு அவர் வெளியே போனதும் 'தொண்டையார்' என்றும் அழைத்தார்கள்.

அந்தச் செருமலுக்கும் மேடைக்கும் நடுவே இருந்தவள் அவர் மனைவியின் தங்கை. மாடியறையில், துணி காயும் கொடிக்கு அடியில் ஒரு மேசை, அதன்மேல் ஒரு கணினி. தொண்டையார் நாற்காலியில் சாய்ந்து கண்ணை மூடிக்கொண்டு முனகுவார். அவள் ஓர் எண்ணைத் தட்டுவாள். அது சுரத்தின் நீளம். ஓர் எழுத்தைத் தட்டுவாள், அது சுரம். திரையில் ஐந்து கோடுகளின்மேல் புள்ளிகள் வந்து உட்காரும். கோடுகளைக் குறுக்கே வெட்டி வெட்டிக் கட்டங்களாக்கியிருக்கும். தொழிலில் அந்தக் கட்டத்துக்கு 'பார்' என்று பெயர்.

அவர் முனகுவது ஒரே ஒரு மெட்டு. வயலின், வியோலா, செல்லோ, புல்லாங்குழல், டிரம்பெட் என்று மீதி இருப்பதையெல்லாம் அவள்தான் நிரப்பினாள். அவர் ஒரு செங்கல்லைக் கொடுத்துவிட்டுப் போவார்; திரும்பி வந்து மாடிவீட்டுக்குப் பால் காய்ச்சுவார்.

"அந்த செல்லோ எடுப்பா இருக்கில்ல? மனசுல அப்படித்தான் வெச்சிருந்தேன்."

"முனகும்போது அது கேக்கலையே அத்தான்."

"எல்லாத்தையும் ஒரே தொண்டையில முனக முடியுமா? குறிப்பறிஞ்சு எழுதணும்."

வானொலி இசைக்குழுவில் ஒருங்கமைப்பாளர் வேலை ஒன்று காலியாக இருந்தது. ஒரு மெட்டைப் பல வாத்தியங்களுக்குப் பிரித்து எழுதும் வேலை. அதாவது அவள் இத்தனை வருஷமாக அந்தக் கொடிக்கு அடியில் உட்கார்ந்து செய்த வேலை. விண்ணப்பத்தோடு, தன் பெயர் அச்சாகியிருக்கும் படைப்பு ஒன்றை இணைக்க வேண்டும் என்றிருந்தார்கள். அவளிடம் அப்படி ஒன்றுகூட இல்லை. படைப்பு பின்னால் வரும் என்று எழுதி விண்ணப்பத்தை மட்டும் அனுப்பிவைத்தாள். புதுக் கோப்பு திறக்கும்போதெல்லாம் மென்பொருள் மரியாதையாகத்தான் கேட்கும்: தலைப்பு? இசை? ஒருங்கமைப்பு? மூன்றாவது கேள்விக்கு அந்த வீட்டில் இதுவரை யாரும் பதில் சொன்னதில்லை.

புதுப் படைப்புக்குத் தொண்டையார் 'அண்டத்தின் முதுகெலும்பு' என்று தலைப்பிட்டிருந்தார். அண்டத்துக்கு முதுகு உண்டா என்று யாரும் கேட்கவில்லை. அவள் வேறொன்றைக் கேட்டாள்.

"இதுலயாவது என் பேரு வரணும் அத்தான். வானொலிக்கு அனுப்பணும்."

"வரும்மா, வரும். பேருல என்ன இருக்கு?"

"ஒண்ணும் இல்லைன்னா உங்க பேரை எடுத்துட்டு என்னுதப் போட்டுரலாமா?"

"வாய் நீளுது உனக்கு" என்றாள் அக்கா, கொடியிலிருந்து துணியை உருவிக்கொண்டே. "அவர்தான் வரும்னு சொல்றார்ல."

கடைசிப் பகுதிக்கு வந்தபோது தொண்டையார் முனகிக்கொண்டே தூங்கிப்போனார். குறட்டையை எந்த வாத்தியத்துக்கும் எழுத முடியாது. முடிவை அவளே எழுதினாள். நாற்பது பார். மெட்டும் அவளுடையது, மற்றதும் அவளுடையது. எழுந்தவர் கேட்டுவிட்டு, "நான் நெனச்சபடியே முடிஞ்சிருக்கு" என்றார்.

ஒத்திகையில் அந்தப் பகுதி வந்தபோது வாத்தியக்காரர்களின் கைபேசிகள் முதன்முறையாகப் பைக்குள் போயின. டிரம்பெட்காரருக்கு அங்கே வாசிக்க ஒன்றும் இல்லை. வாத்தியத்தை மடியில் வைத்துக்கொண்டு கேட்டார். முடிந்ததும் வாய் சும்மா இருக்கவில்லை.

"ஐயா, கடைசிப் பகுதி பிரமாதம். அதுல மட்டும் நீங்க வேற ஆள் மாதிரி இருக்கீங்க."

ஒரு மேதைக்கு இதைவிடக் கேவலமான பாராட்டு இருக்க முடியாது. வீட்டுக்கு வந்ததும் மாடிப்படியிலேயே சொல்லிவிட்டார்.

"கடைசில சவ்வா இழுக்குது. எடுத்துரு."

"எதுலேர்ந்து?"

"அவன் நல்லாருக்குன்னு சொன்னானே, அதுலேர்ந்து."

அந்த மென்பொருளில் ஒரு குணம் உண்டு. சும்மா டெலீட்டை அழுத்தினால் சுரங்கள் மட்டும் போகும். காலிப் பார்கள் அப்படியே நிற்கும். பாரையே தூக்க இன்னொரு விசையையும் சேர்த்து அழுத்த வேண்டும். தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் அவள் இதைச் சொல்வாள். அன்றைக்கு விழித்துக்கொண்டுதான் இருந்தாள். நாற்பது பாரையும் தேர்ந்தெடுத்தாள், ஒற்றை விசையை அழுத்தினாள், திரையைப் பார்க்கப் பிடிக்காமல் கோப்பைச் சேமித்து அச்சகத்துக்கு அனுப்பிவிட்டு எழுந்து போனாள். முகப்புத் தாளைத் தானே பார்த்துக்கொள்வதாகத் தொண்டையார் சொல்லியிருந்தார்.

புதுத் தாள்கள் மேடையில்தான் வாத்தியக்காரர்கள் கைக்கு வந்தன. தொண்டையாரே நடத்தினார். இசை நின்றது. அவர் கையை இறக்கினார். ஆனால் ஒருவரும் வில்லை இறக்கவில்லை. தாளில் இன்னும் பார் இருக்கிறது. பார் இருக்கும்வரை மனதுக்குள் எண்ணுவது அவர்கள் தொழில். தனக்குத் தெரியாத ஏதோ பாக்கி இருக்கிறது என்று தொண்டையாருக்கு வியர்த்தது. கையை மறுபடி தூக்கினார். கண்ணை மூடிக்கொண்டு, காலிச் சட்டியைக் கிண்டுவதுபோல இரண்டு நிமிடம் காற்றைக் கிண்டினார். முன்வரிசையில் ஒரு கனவான் கண்ணைத் துடைத்துக்கொண்டார். கடைசியில் வில்கள் இறங்கின. அரங்கம் எழுந்து நின்றது.

"அந்த மௌனத்தை எழுதத்தான் ரொம்ப நாளாச்சு" என்று மறுநாள் பேட்டி கொடுத்தார். "சுரம் எழுத யாராலும் முடியும்."

அவள் அச்சான பிரதியைப் புரட்டினாள். முகப்பில் ஒரே ஒரு பெயர், வீட்டுப் பெயர்ப்பலகை அளவுக்கு.

"இடம் பத்தலைம்மா. ரெண்டு பேரு போட்டா நெருக்கடியாத் தெரியுது."

"அந்த மௌனம் மௌனமில்ல அத்தான். நான் அழிச்ச இடம்."

"நீ அழிச்சே. அதுல மௌனத்தைக் கேட்டது நான்."

அந்தப் புகழ் ஒரு வாரம் நின்றது. டிரம்பெட்காரர் ஒரு நிருபரோடு டீ குடித்தார். குடித்தது டீதான், ஆனாலும் உளறிவிட்டார். "மௌனமாவது மண்ணாவது. எங்க தாளைப் பாருங்க, டெலீட் பாதியில நின்னிருக்கு." பத்திரிகை அதைப் படத்தோடு போட்டது. நகரம் சிரித்தது. கண்ணைத் துடைத்த கனவான் தனக்கு ஜலதோஷம் என்றார்.

அன்று மாலையே தொண்டையார் விளக்கம் எழுதிக் கொடுத்தார். 'இப்படைப்பின் ஒருங்கமைப்பு முழுவதையும் செய்தவர் என் மனைவியின் தங்கை. இறுதியில் நேர்ந்த பிழை அவருடையதே.' கீழே அவள் பெயர் இனிஷியலோடு, ஓர் எழுத்துப் பிசகாமல், தடித்த எழுத்தில். இதற்கு இடம் தாராளமாக இருந்தது.

வானொலியிலிருந்து அதிகாரி பேசினார். நல்ல மனிதர், வருத்தத்தோடுதான் பேசினார்.

"உங்க விண்ணப்பத்தைப் பார்த்தோம்மா. பேப்பரும் பார்த்தோம். இங்க எல்லாம் நேரடி ஒலிபரப்பு. ரெண்டு நிமிஷம் சத்தம் வரலைன்னா, ஜனங்க ரேடியோ கெட்டுப்போச்சுன்னு தலையில தட்டிட்டு இருப்பாங்க."

"அது ஒரு தடவை நடந்த தப்பு சார். அந்த இடத்துல நான் எழுதினது வேற."

"அதை அனுப்புங்களேன், பார்க்கலாம்."

அனுப்ப ஒன்றும் இல்லை. அழித்ததைப் பழைய கோப்பின் மேலேயே சேமித்திருந்தாள். ஒத்திகைத் தாள்களை அக்கா அலமாரித் தட்டுகளுக்கு விரித்து மேலே துணி அடுக்கியிருந்தாள். அவற்றிலும் மிஞ்சியிருந்தவை தொண்டையார் முனகிய மெட்டுள்ள முதல் பக்கங்கள்தான்; கடைசிப் பக்கங்கள் குப்பைக்குப் போயிருந்தன.

"பேரு போடணும் பேரு போடணும்னு உசுரை வாங்கினே" என்றாள் அக்கா. "போட்டுட்டார். இன்னும் எதுக்கு மூஞ்சியத் தூக்கி வெச்சிருக்கே?"

மாதம் திரும்புவதற்குள் ஊருக்கு மறந்துவிட்டது. தொண்டையார் மாடியேறி வந்து சாய்ந்துகொண்டு செருமினார்.

"புதுசா ஒண்ணு தோணியிருக்கு. கடைசில அதே மாதிரி ஒரு மௌனம் வெச்சுரு. இந்தத் தடவை வேணும்னே வைக்கிறோம், யாரும் வாய் திறக்க முடியாது. உன் பேரும் போட்டுக்கோ, எனக்கு ஆட்சேபணை இல்ல."

அவள் கணினியை அணைத்தாள்.

"அந்த மௌனம் வரணும்னா, முன்னால அங்க ஏதாவது நல்லதா எழுதியிருக்கணும் அத்தான். எழுதினாத்தானே அழிக்க முடியும். நீங்க எழுதிட்டுக் கூப்பிடுங்க, நான் வந்து அழிச்சுத் தர்றேன்."

அவள் படியிறங்கிப் போனாள். மேலே வெகுநேரம் செருமல் கேட்டது. அதற்குப் பின்னால் ஒன்றும் வரவில்லை.