சாவி மட்டும் மாசிலாமணியிடம்

திண்டிவனத்தில் மாசிலாமணிக்குச் சொந்தமாக ஒரு மோட்டார் சைக்கிள் இருந்தது. சொந்தம் என்றால் காகிதத்தில் சொந்தம். கையில் இருந்தது சாவி மட்டும்தான். வண்டி எந்நேரமும் வேறு யாருடைய கையிலாவது இருக்கும்.

வண்டி கேட்டு வருகிறவனிடம் இல்லை என்று சொல்ல அவனுக்கு வாய் வராது. பெண் பார்க்கப் போகிறவன் கேட்பான், பிரசவத்துக்குப் போகிறவன் கேட்பான், மல்லாட்டைக் கடலை மூட்டையை மண்டியில் போடப் போகிறவனும் கேட்பான். அதுவும் எப்படிக் கேட்பார்கள் தெரியுமா, ஏற்கெனவே வண்டியின் மேல் ஒரு காலைப் போட்டுக்கொண்டு. வாங்கிப் போனவன் திருப்பித் தரமாட்டான், அடுத்தவனுக்குக் கொடுப்பான். அங்கெல்லாம் அப்படித்தான் வழக்கம், அதை யாரும் தப்பாக நினைப்பதில்லை. சாவியைக்கூடக் கேட்கமாட்டார்கள். பூட்டு தேய்ந்துபோய் எந்தச் சாவிக்கும் திரும்பும். பீரோ சாவி போதும். ஒருமுறை ஒரு புண்ணியவான் தேக்கரண்டிக் காம்பால் கிளப்பிக்கொண்டு போனான்.

அது மாமனார் கொடுத்த வண்டி. விழுப்புரத்தில் மரக்கடை வைத்திருந்த தொம்மை, மகள் லூசியாவின் கல்யாணத்தில் சீராகக் கொடுத்தது. கோயில் வாசலில் சாமியார் தீர்த்தம் தெளித்து மந்திரித்ததும், தொம்மையே தன் கையால் பெட்ரோல் டேங்கின் மேல் ஒரு மாதா ஸ்டிக்கரை ஒட்டினார். சந்தோஷத்தில் விளக்குப் பக்கம் நின்றுகொண்டு ஒட்டிவிட்டார். உட்கார்ந்து ஓட்டுகிறவனுக்கு மாதா தலைகீழாகத் தெரிவார். மந்திரித்த பிறகு பிய்த்து ஒட்டுவது பாவம் என்று எல்லாரும் சொன்னதால் அப்படியே விட்டுவிட்டார்கள்.

அதற்கப்புறம் தொம்மை அந்த வண்டியைக் கண்ணால் பார்க்கவில்லை. கிறிஸ்துமஸ், ஈஸ்டர், ஊர்த் திருவிழா எதற்குப் போனாலும் மாப்பிள்ளையும் மகளும் பஸ்ஸில்தான் போய் இறங்கினார்கள். தொண்ணூற்றெட்டாம் வருஷத்து ஈஸ்டரன்று சாப்பாட்டுப் பந்தியில், சொந்தக்காரர்கள் அத்தனை பேர் நடுவில், தொம்மை வாயை விட்டுவிட்டார்.

"மாப்ள வண்டிய வித்துட்டாரு போல. வித்தா வித்தேன்னு சொல்லிட்டுப் போவட்டும். நான் என்னா கோர்ட்டுக்கா போவப் போறேன்?"

லூசியா சோற்றில் கை வைத்தபடியே உட்கார்ந்திருந்தாள். திரும்பும்போது விக்கிரவாண்டி வரைக்கும் பஸ்ஸில் அழுதாள். அதற்குப் பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு ஒன்று சொன்னாள்.

"அப்பா புது வீடு மந்திரிப்புக்கு வண்டியிலதான் போறோம். இல்லன்னா இனிமே எங்கப்பா வூட்டு வாசப்படிய நான் மிதிக்க மாட்டேன்."

லூசியா சும்மா சொல்கிறவள் இல்லை. சொன்னால் செய்வாள். மாசிலாமணிக்கு அன்றிலிருந்து சோறு இறங்கவில்லை.

மந்திரிப்பு, அதாவது சாமியார் வந்து புது வீட்டில் தீர்த்தம் தெளிக்கிற சடங்கு, ஒரு ஞாயிற்றுக்கிழமை. முந்தின வாரமே எதிர்வீட்டு அப்பாதுரை வண்டியை வாங்கிப் போயிருந்தார், சனிக்கிழமை கொண்டுவந்து விடுவதாக வேளாங்கண்ணி மாதா மேல் ஆணையிட்டு. அப்பாதுரை மயிலத்து முருகனைக் கும்பிடுகிறவர். மாசிலாமணி அதைக் கவனித்திருக்க வேண்டும்.

ஞாயிறு காலையில் லூசியா பட்டுப்புடவை கட்டி, பெரிய இருதய ஆண்டவர் படத்தைத் துண்டில் சுற்றித் தூக்கிக்கொண்டாள். புது வீட்டு நடுக்கூடத்தில் மாட்ட வேண்டிய படம். பொறந்த வீட்டுப் பெண் கொண்டுவந்தால்தான் மந்திரிப்பே ஆரம்பிக்கும். கண்ணாடி போட்ட படம், பாதி ஆள் உயரம்.

எதிர்வீட்டில் அப்பாதுரை இட்லி சாப்பிட்டுக்கொண்டிருந்தார்.

"வண்டியா? பச்சைமுத்து வாங்கினு போனான், கூட்டேரிப்பட்டுல கீறான் பாரு, அவன்தான். நீ எங்க போற?"

"விழுப்புரம்."

"அட, அப்ப போற வழியிலதான கீது. பஸ்ல போய் எறங்கினு எடுத்துக்கினு போ. உனக்கு ஒரு பேஜாரும் இல்ல."

லூசியா அவரைப் பார்த்த பார்வையில் இட்லி ஆறிப்போயிருக்கும்.

பஸ்ஸில் நிற்கவே இடமில்லை. கண்டக்டர் படத்தைப் பார்த்துவிட்டு லக்கேஜ் போடவா வேண்டாமா என்று யோசித்தார். ஒரு அம்மாள் துண்டை விலக்கிப் பார்த்தாள். பார்த்ததும் கன்னத்தில் போட்டுக்கொண்டு எழுந்து, "சாமிய எதுக்கும்மா நிக்க வெச்சிக்கினு வர்ற, ஒக்கார வையி," என்றாள். ஜன்னலோரத்தில் ஆண்டவர் உட்கார்ந்துகொண்டார். லூசியா நின்றாள். ஒற்றைக் காலில் மாசிலாமணி நின்றான், இன்னொரு காலை வைக்க இடமில்லாததால்.

கூட்டேரிப்பட்டு டீக்கடையில் பச்சைமுத்து அகப்பட்டான். இவர்களைப் பார்த்ததும் அவன் முகத்தில் அப்படி ஒரு பெருமை.

"வாங்கண்ணே. துரு புடிச்சி அசிங்கமா கெடந்துச்சி. என் காசுலயே பச்சை பெயின்ட் அடிச்சி வெச்சேன்."

"செவப்பு வண்டிய பச்சையாக்கிட்டியா?"

"மொத்தமும் பச்சை. நம்பர் போர்டு, சீட்டு ஓரம், செயின் கவர், ஒண்ணு வுடல. டேங்கு மேல சாமி ஸ்டிக்கரு இருந்துச்சா, அத மட்டும் தொடல. பாவம் பாரு."

நம்பர் போர்டையுமா என்று கேட்கத் தெம்பில்லாமல் மாசிலாமணி பெஞ்சில் உட்கார்ந்துவிட்டான். லூசியாதான் கேட்டாள்.

"வண்டி எங்கண்ணே?"

"விக்கிரவாண்டி சீனுவாசன், மைக்செட் போடுவாருல்ல, அவசரம்னு நேத்து கேட்டாரு. நீங்க விழுப்புரம்தான போறீங்க? வழியிலதான் கீது."

பச்சைமுத்து நன்றியை எதிர்பார்த்து நின்றுகொண்டிருந்தான். டீக்கு அவர்களே காசு கொடுத்துவிட்டு அடுத்த பஸ் ஏறினார்கள்.

விக்கிரவாண்டியில் சீனுவாசன் வீட்டு வாசலில் அவருடைய மனைவி கேப்பையைப் புடைத்துக்கொண்டிருந்தாள். அவர் விடிகாலையிலேயே ஆம்ப்ளிபயரை வண்டியில் கட்டிக்கொண்டு போய்விட்டார் என்றாள்.

"எந்த ஊருக்கு?"

"விழுப்புரந்தான். புது வூட்டு பங்ஷனாம். உங்காளுங்கதான், வேதக்காரங்க. மரக்கடை தொம்மைன்னு சொன்னாரு."

மாசிலாமணி லூசியாவைப் பார்த்தான். லூசியா படத்தைப் பார்த்தாள்.

"நம்ம வண்டி நமக்கு முந்தியே எங்கப்பா வூட்டுக்குப் போயிடுச்சி," என்றாள். அழுவதா சிரிப்பதா என்று அவளுக்கே தெரியவில்லை. கடைசியில் இரண்டையும் கொஞ்சம் கொஞ்சம் செய்தாள்.

விழுப்புரம் பஸ் ஸ்டாண்டிலிருந்து நடந்து தெருமுனையில் திரும்பும்போதே பாட்டுச் சத்தம் காதைக் கிழித்தது. பந்தல் வாசலில் தொம்மை நின்றிருந்தார். பக்கத்தில் தீர்த்தச் செம்போடு சாமியார். படம் வராமல் மந்திரிப்பு நின்றுபோய், மொத்தக் கூட்டமும் பிரியாணி வாசனையில் பசியோடு தெருவைப் பார்த்துக்கொண்டிருந்தது. பட்டுப்புடவை கசங்கி, வியர்த்து வழிந்து, நடந்து வருகிற மகளைத் தொம்மை பார்த்தார்.

"வாங்க மாப்ள," என்றார். "பஸ்ஸா?"

அந்த ஒரு வார்த்தைக்குக் கூட்டத்தில் நாலைந்து பேர் சிரித்தார்கள். லூசியாவின் முகம் செத்துப்போனது.

பந்தல் காலை ஒட்டி ஒரு பச்சை வண்டி நின்றிருந்தது. தொம்மை அதைக் காட்டினார்.

"பாருங்க, மைக்செட்டுக்காரரு. அன்னாடம் ஒழைச்சி சாப்பிடறவரு. அவருகூட ஒரு வண்டிய எப்படி பளபளன்னு வெச்சிக்கினு கீறாரு."

"மாமா," என்றான் மாசிலாமணி, "அது என் வண்டிங்க."

இந்த முறை கூட்டம் மொத்தமும் சிரித்தது. சீனுவாசன் ஆம்ப்ளிபயரை விட்டு எழுந்து வந்தார். அவர் மாசிலாமணியை அதற்குமுன் பார்த்ததே இல்லை.

"இது கூட்டேரிப்பட்டு பச்சைமுத்து வண்டிங்க," என்றார், பொய் சொல்லாத மனிதருடைய பொறுமையோடு.

மாசிலாமணிக்கு மானம் போய்க்கொண்டிருந்தது. நம்பரைப் பார்க்கலாமென்றால் அது பச்சைக்குள் மறைந்திருந்தது. பையிலிருந்து சாவியை எடுத்தான். இத்தனை வருஷம் பத்திரமாக வைத்திருந்த சாவி. போட்டுத் திருப்பினான், உதைத்தான், வண்டி கிளம்பியது. பார்த்தீர்களா என்பதுபோல் நிமிர்ந்து நின்றான்.

தொம்மை பக்கத்தில் வந்தார். வண்டியை அணைத்தார். இடுப்பில் சொருகியிருந்த புது வீட்டுச் சாவியை எடுத்துப் போட்டார், உதைத்தார். வண்டி முன்னைவிட நன்றாகவே கிளம்பியது.

"அப்ப இது என் வண்டியா மாப்ள?" என்றார்.

சாமியாரே சிரிப்பை அடக்கத் தீர்த்தச் செம்பைப் பார்த்துக் குனிந்துகொண்டார். மாசிலாமணிக்கு அந்த இடத்திலேயே பூமி பிளந்து உள்ளே போய்விடலாம் போலிருந்தது. ஆனால் லூசியா அசையவில்லை. படத்தைச் சாமியார் கையில் கொடுத்தாள். முந்தானையை இழுத்துச் சொருகிக்கொண்டு வண்டியிடம் போனாள்.

"யப்பா, இங்க வந்து நில்லுங்க," என்றாள். தொம்மை விளக்குப் பக்கம் வந்து நின்றார்.

டேங்கின் மேல் முதலில் இருந்தது சீனுவாசனின் கடை ஸ்டிக்கர். புதுசு, லூசியா உரித்ததும் முழுதாக வந்துவிட்டது. அதற்கடியில் மயிலம் முருகன், அப்பாதுரை ஒட்டியது. கூட்டத்தில் ஒரு பெரியவர், "பாத்தும்மா, சாமி," என்றார். அவளும் நகத்தால் ஓரம் ஓரமாகத் தூக்கி, வேல் கிழியாமல் எடுத்து, கீழே விடக் கூடாதென்று சீனுவாசன் சட்டைப் பையிலேயே ஒட்டினாள். முருகனுக்கடியில் ஒரு ரோஜாப்பூ, யாரோ கல்யாண மாப்பிள்ளையின் வேலை. ரோஜாவுக்கடியில் உரக் கம்பெனி விளம்பரம். அது வரமாட்டேன் என்றது. லூசியா சாமியாரிடம் கையை நீட்டினாள். அவரும் என்ன நினைத்தாரோ, செம்பைச் சாய்த்துக் கொஞ்சம் தீர்த்தம் ஊற்றினார். ஊறவைத்துச் சுரண்டினாள். நகம் ஒன்று உடைந்தது. பிரியாணி அண்டாவை விட்டுவிட்டுச் சமையல்காரர்கூட வந்து எட்டிப்பார்த்தார்.

உர விளம்பரத்துக்கடியில் நீலத்தில் ஒரு ஓரம் தெரிந்தது. பிறகு கிரீடம். பிறகு முகம். சீட்டுப் பக்கம் நின்றவர்கள், "என்னடா இது, மாதா தலைகீழா கீறாங்க," என்று முணுமுணுத்தார்கள்.

தொம்மைக்குத் தலைகீழாகத் தெரியவில்லை. விளக்குப் பக்கம் நின்றிருந்தவருக்கு, அன்றைக்கு ஒட்டும்போது எப்படி நேராகத் தெரிந்தாரோ அப்படியே தெரிந்தார் மாதா. ஓரத்தில் காற்றுக் குமிழி ஒன்று, அவர் கட்டைவிரலால் தேய்த்துத் தேய்த்துப் போகாத குமிழி, அதுவும் அப்படியே இருந்தது. குனிந்து அதைத் தொட்டுப் பார்த்தார். பிறகு படத்தைச் சாமியாரிடமிருந்து வாங்கித் தானே தலையில் வைத்துக்கொண்டு வீட்டுக்குள் போனார்.

மந்திரிப்பு முடிந்தது, பிரியாணியும் முடிந்தது. மாசிலாமணிக்கு ஈஸ்டருக்குப் பிறகு அன்றைக்குத்தான் சோறு ருசித்தது. வெற்றிலை போடும்போது தொம்மை அவன் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.

"மாப்ள, வண்டிய கொஞ்சம் குடுங்களேன். சாமியார கோயில்ல வுட்டுட்டு ஜல்தியா வந்துடறேன்."

மாசிலாமணியின் கை தானாகப் பைக்குள் போய்ச் சாவியைத் தொட்டது. பழகின கை. எதிரே லூசியா உடைந்த நகத்தைத் தடவிக்கொண்டு அவனையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இல்லீங்க மாமா," என்றான்.

சொன்ன பிறகு அவனுக்கே பயமாக இருந்தது. தொம்மை மென்றுகொண்டிருந்த வெற்றிலை வாயிலேயே நின்றது. லூசியா எழுந்து போய் வண்டியின் பின்சீட்டில் உட்கார்ந்துகொண்டாள், கல்யாணத்தன்று உட்கார்ந்த மாதிரி. மாசிலாமணி சாவியைப் போட்டு உதைத்தான். மறுபடியும் உதைத்தான். சாய்த்துப் போட்டு உதைத்தான்.

"பெட்ரோல் இல்லீங்க," என்றார் சீனுவாசன், முருகனைப் பையில் வைத்துக்கொண்டு. "நடுவுல கரண்டு போச்சில்ல. உங்க வண்டின்னு ஆயிடுச்சி, நம்ம வீட்டு பங்ஷன்தானன்னு ஜெனரேட்டருக்கு எடுத்து ஊத்திட்டேன்."

இவர் மேல் கோபப்பட்டு என்ன ஆகப்போகிறது? மாசிலாமணி ஹேண்டில்பாரைப் பிடித்துத் தள்ள ஆரம்பித்தான். லூசியா இறங்கிப் பின்னால் கை கொடுத்தாள். பெட்ரோல் பங்க் பெரிய ரோட்டில் இருந்தது, அதுவும் மேட்டில். பாதி மேட்டில் வண்டி திடீரென்று லேசானது. திரும்பிப் பார்த்தால் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு தொம்மை தள்ளிக்கொண்டிருந்தார்.

எதிரே சைக்கிளில் வந்த ஒருவன் காலை ஊன்றி நின்றான்.

"இது கூட்டேரிப்பட்டு பச்சைமுத்து வண்டியாச்சே. எங்க தள்ளிக்கினு போறீங்க?"

மாசிலாமணி பதில் சொல்ல மூச்சு வாங்குவதற்குள் தொம்மை முந்திக்கொண்டார்.

"எந்த பச்சைமுத்து? இது எங்க மாப்ள வண்டி. நான் வாங்கிக் குடுத்தது. வேணும்னா மாதாவ வந்து பாரு."

லூசியா முகத்தைத் திருப்பிக்கொண்டு முந்தானையால் துடைத்தாள். அப்பா பார்த்துவிடப் போகிறாரே என்று வண்டியை இன்னும் கொஞ்சம் வேகமாகத் தள்ளினாள். சைக்கிள்காரனும் கூடவே வந்து மாதாவை எட்டிப் பார்த்தான், கன்னத்தில் போட்டுக்கொண்டான். பிறகு தலையைச் சொறிந்தபடி, புதன்கிழமை ஒரு பெண் பார்க்கப் போகணும், வண்டி கிடைக்குமா என்று கேட்டான்.

மூன்று பேரும் ஒரே குரலில் இல்லை என்றார்கள்.