பதினெட்டாவது வரி

நெட்டையனுக்கு நான் தர வேண்டிய பாக்கி சரியாக ஆயிரத்து முந்நூற்று எழுபது. நாங்கள் இருவர் மட்டும்தான் ஒரே நாளில் கிடங்கில் வேலைக்குச் சேர்ந்தவர்கள். அவன் இரண்டு வருடத்துக்கு முன் வேலையை விட்டுவிட்டு, கிடங்கின் முன்வாசலுக்கு எதிரிலேயே சைக்கிள் பழுதுக்கடை போட்டான். அன்றிலிருந்து எனக்குப் பின்வாசல்தான்.

என் வேலை ரோலரில். சரிவான உருளைகள் மேல் பெட்டிகள் வரிசையாக நிற்கும். சரக்கில்லாத காலிப் பெட்டிகளை நான் உருவி எறிய வேண்டும். முதுகு போய்விடும்.

ஒரு நாள், சம்பளப் பட்டியலுக்குப் புரோகிராம் எழுதிய பெண் என்னைத் தேடி வந்தாள்.

"அண்ணே, வேலையை விட்டவங்க ஊழியர் நம்பரை அழிச்சிடுவோம். மாசாமாசம் பழைய முழுப் பட்டியலை எடுத்து, நம்பர் காலியா இருக்கிற பேரை எல்லாம் புரோகிராம் தூக்கிடும். உங்க நம்பரும் காலியாத்தான் இருக்கு. ஆனா உங்களை மட்டும் தூக்க மாட்டேங்குது. ஏன்?"

"என்னைக் கேட்டா? நான் தினம் வேலைக்கு வரேனே மேடம்."

"அது புரோகிராமுக்குத் தெரியாதுண்ணே."

இரண்டு வருடத்துக்கு முன் நம்பர் வாங்கப் படிவம் கொடுத்தபோது எனக்கு எழுத்துத் தெரியாது. மடித்து வீட்டுப் பெட்டிக்கடியில் போட்டவன்தான். அதை அவளிடம் சொல்லவில்லை. குனிந்து, வரிசையின் கடைசியிலிருந்து காலிப் பெட்டிகளை உருவத் தொடங்கினேன்.

"ஏன் பின்னாலேர்ந்து எடுக்கறீங்க?"

வாய் சும்மா இருக்கக் கூடாதா? "முன்னாலேர்ந்து எடுத்தா, பின்னாடி நிக்கிறது நழுவி அந்த எடத்துக்கு வந்துடும். நாம அடுத்த அடி வச்சிருப்போம். அதுவும் காலின்னா கண்ணுல படாம தப்பிச்சிடும்."

அவள் கண் விரிந்தது. "அதேதான்! பதினேழாவது வரி நெட்டையண்ணன், காலி. பதினெட்டு நீங்க, காலி. அவரைத் தூக்கினதும் நீங்க பதினேழுக்கு வந்துட்டீங்க. புரோகிராம் பதினெட்டைப் பார்க்கப் போயிடுச்சு! இனிமே கீழேர்ந்து மேல ஓட விட்டுடறேன். ரொம்ப தேங்க்ஸ்ண்ணே!"

"அப்ப என் சம்பளம்?"

"வெள்ளிக்கிழமைக்குள்ள நம்பர் வாங்கிடுங்க. இல்லன்னா நீங்க காலி."

இரண்டு வருடம் என்னைக் காத்த பிழையை நானே காட்டிக் கொடுத்துவிட்டேன்.

வீட்டுக்குப் போய்ப் படிவத்தைத் தேடி எடுத்தேன். போன வருடம்தான் எழுத்துப் படித்தேன். ஒவ்வொரு எழுத்தாகக் கூட்டி, கடைசி வரிக்கு வந்தேன். 'உங்களோடு பணியில் சேர்ந்த ஒருவரின் கையொப்பம்.'

மறுநாள் சைக்கிளில் முன்வாசல் வழியாகப் போனேன்.

"வாங்க மாப்ள!" என்றான் நெட்டையன். "வழி தெரிஞ்சுதா?"

விஷயத்தைச் சொன்னேன். பஞ்சர் டியூபைக் கீழே போட்டுவிட்டுச் சிரித்தான். "அப்ப ரெண்டு வருஷமா என் முதுகுக்குப் பின்னால ஒளிஞ்சுதான் சம்பளம் வாங்கியிருக்க. அதுக்கு வாடகை யாரு தருவா?"

"கையெழுத்துப் போடுடா."

"பணத்தை வைடா."

"நம்பர் வந்தாத்தான் சம்பளம். சம்பளம் வந்தாத்தான் பணம்."

"பணம் வந்தாத்தான் கையெழுத்து. கையெழுத்து இருந்தாத்தான் நம்பர். சுத்து, நல்லா சுத்து."

மூன்று சுற்றுச் சுற்றினோம். கடைசியில், "சைக்கிளை அடமானமா நிறுத்திட்டுப் போ" என்றான். கையெழுத்துப் போட்டான்.

நம்பர் வியாழக்கிழமை கிடைத்தது. வெள்ளிக்கிழமை புரோகிராம் கீழிருந்து மேலே ஓடியது. நெட்டையன் போனான், நான் நின்றேன். சம்பள உறையோடு நேராக அவன் கடைக்குப் போய், ஆயிரத்து முந்நூற்று எழுபதை எண்ணி வைத்தேன்.

அவன் இரண்டு தடவை எண்ணினான். எண்ணெய்க் கறை படிந்த கணக்கு நோட்டைத் திறந்து, என் பேருக்கு நேரே ஏதோ எழுதி, என் பக்கம் திருப்பினான்.

"இப்பதான் படிக்கத் தெரியுமே. படி."

எழுத்துக் கூட்டினேன். கா. லி.

"அடப்பாவி!"

"பாக்கி தீர்ந்தா அப்படித்தான் எழுதுவேன்," என்றான். "சைக்கிளை எடுத்துக்கோ."

எடுத்தேன். பின்சக்கரத்தில் காற்று இல்லை. பின்னாலிருந்து பார்த்திருக்க வேண்டும், காசை முன்னாடியே கொடுத்துவிட்டேன்.