நீலமாய் ஒளிர்ந்த தட்டு

தொழிற்சாலையில் சரக்கின் தரம் பார்ப்பவள் அவள். வந்த ஆத்திரத்துக்கு அந்தக் கண்ணாடித் தட்டைச் சுவரில் அடித்திருப்பாள். சாட்சி அது ஒன்றுதான் என்பதால் மேசைமேல் பத்திரமாக வைத்தாள். மூன்று நாளாகத் தேங்காய்ப்பால் ஊட்டி அதில் வளர்த்த பூஞ்சை, புற ஊதா விளக்கின் கீழ் ஓரமெல்லாம் நீலமாக ஒளிர்ந்தது. நல்ல பூஞ்சை ஒளிராது. ஈரலை அரிக்கும் நஞ்சைக் கக்குகிறதுதான் ஒளிரும்.

"தொட்டியில என்னத்த விட்டீங்க?"

பூஞ்சை வளர்க்கும் தொட்டியைப் பார்த்துக்கொள்பவர் தலையைச் சொறிந்தார். மாவுச்சத்தைக் கரைக்கும் நொதியை அந்தத் தொழிற்சாலை பூஞ்சையிடமிருந்துதான் எடுத்தது. குளிர்பெட்டி பழுதாகி, விதைக்கு வைத்திருந்த தாய்ப்பூஞ்சை செத்துப்போக, ஏச்சுக்குப் பயந்த மனிதர், கிடங்கில் நனைந்த மக்காச்சோள மூட்டையில் படர்ந்ததைச் சுரண்டி வந்து விட்டிருக்கிறார்.

"அதே பச்சைதாம்மா. கஞ்சிகூட முன்னைவிட சீக்கிரமா கரையுது." பெருமை வேறு!

கரையாமல் என்ன செய்யும்? இரண்டும் கூடப்பிறந்தவை போல; நொதியை இரண்டுமே சுரக்கும், விஷத்தை இது மட்டும் சுரக்கும்.

மேலாளர் உள்ளே வந்தார். அவளுக்குச் சித்தப்பா. வேலை வாங்கிக் கொடுத்ததை வாரம் ஒருமுறையாவது சொல்லிக்காட்டாமல் அவருக்குச் சோறு இறங்காது.

"லாரி வாசல்ல நிக்குது. குழந்தைங்க சத்துமாவு ஆலைக்குப் போகணும். வடிகட்டினா பூஞ்சையெல்லாம் போயிடும். அனுப்புச் சீட்டுல கையெழுத்தப் போடு."

"பூஞ்சை போயிடும் சித்தப்பா. அது கக்கின விஷம் போகாது. பச்சக் குழந்தைங்க வாய்க்குப் போற சாமான்!"

"மாவுல சேர்றது துளியூண்டு நொதி. அதுல என்ன பெரிய விஷம்?"

"அளந்தீங்களா?"

"ரொம்பப் பேசாத. நீ போடலன்னா நானே போட்டுக்கறேன்." பேனாவை எடுத்தேவிட்டார்.

இந்த மனுஷனிடம் இனிப் பேசி என்ன பிரயோசனம்? சோதனைக்கென்று அலமாரியில் வைத்திருந்த நீலச் சாயப் புட்டிகள் அத்தனையையும் மடியில் அள்ளிக்கொண்டு விறுவிறுவென்று ஏணியில் ஏறினாள். தொட்டி மூடியைத் திறந்து ஒவ்வொன்றாகக் கவிழ்த்தாள். தேநீர் நிறத்தில் இருந்த நொதிக் கரைசல் மொத்தமும் நீல மையாக மாறியது.

"அடிப்பாவி! குடியக் கெடுத்திட்டியே! நாளைலேர்ந்து இந்தப் பக்கம் தலைவச்சுப் படுக்காத!"

"படுக்கல." முழங்கை வரை நீலத்தோடு இறங்கி வந்து, அனுப்புச் சீட்டை அவர் கையில் திணித்தாள். "இப்ப போடுங்க சித்தப்பா உங்க கையெழுத்த. எவன் வாங்கறான்னு பாக்கறேன்."