பீரங்கிக்கு ஒரு சத்தம்

ப்ரியதர்ஷினி இறந்த பிறகு வந்த ஆனி மாதத்தில்தான் சங்கரபாண்டியன் அந்த டேங்கைப் பீரோவின் மேலிருந்து இறக்கினார்.

முழங்கை நீளம் இருக்கும். இரும்புப் பட்டைச் சக்கரம், சுழலும் தலை, முன்னால் நீட்டிய பீரங்கிக் குழல். ரிமோட்டில் ஓடுகிற மாடல். பட்டாசு ஆலை அலுவலகத்தில் கணினி வேலை பார்த்த அவர் மகள், ஞாயிற்றுக்கிழமைகளில் தரையில் உட்கார்ந்து ஒவ்வொரு திருகாக மாட்டியது. "டேங்க் வாங்கப் போறேன்" என்று அவள் முதலில் சொன்னபோது, அம்மா வெயிலுகந்தம்மாள் மாடிக்குத் தண்ணீர்த் தொட்டி வருகிறது என்று தெரு முழுக்கச் சொல்லிவிட்டாள். அப்படிச் சிரிப்பு இருந்த வீடு அது.

ஐப்பசியில், தீபாவளிக்கு முந்தின வாரம், ஆலையின் மருந்துக் கலவை அறை வெடித்தது. பக்கத்திலிருந்த அலுவலகச் சுவர் ப்ரியதர்ஷினியின் மேல் விழுந்தது.

சங்கரபாண்டியன் கோவில்பட்டியில் மோட்டாருக்குக் காயில் கட்டும் கடை வைத்திருப்பவர். டேங்கின் மூடியைத் திறந்ததும் அவருக்கு விஷயம் புரிந்தது. மோட்டார், பேட்டரி, ரிசீவர் எல்லாம் சரியாக இருந்தன. ஓரிடம் மட்டும் காலி. ஸ்பீக்கரிலிருந்து வந்த ஒயர்கள் எதிலும் சேராமல், நுனியில் டேப் சுற்றிக் கிடந்தன.

திருநெல்வேலியில் வேலை பார்க்கும் சத்யபிரியாவுக்கு போன் போட்டார். மகளோடு பாலிடெக்னிக்கில் படித்தவள்.

"அங்கன சவுண்ட் போர்டு வரணும்ப்பா," என்றாள் அவள். "ரெண்டு வகை இருக்கு, எத வாங்கன்னுதான் அவ முடிவுக்கு வராம இருந்தா. ஒரு போர்டுல எல்லாச் சத்தமும் கம்பெனியே ஏத்தித் தந்திருப்பான். இன்ஜின், துப்பாக்கி, பீரங்கி எல்லாம். நம்ம ஒண்ணும் மாத்த முடியாது. இன்னொண்ணு, மெமரி கார்டுல நமக்கு வேண்டியத மட்டும் ஏத்திக்கிடலாம்."

"வேண்டாததை விட்டுரலாமா?"

சத்யபிரியாவுக்குப் புரிந்தது. "விட்டுரலாம்ப்பா."

இரண்டாவதையே வரவழைத்தார். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை சத்யபிரியா லேப்டாப்போடு பஸ்ஸில் வந்து இறங்கினாள். அவர் ஒயர்களைப் பற்றவைத்தார். அவள் இன்ஜின் சத்தங்களை ஒவ்வொன்றாகப் போட்டுக் காட்டினாள். ஒன்று லாரி மாதிரி உறுமியது. ஒன்று இரைப்புக்காரர் மூச்சு மாதிரி இழுத்தது. கனமாக, நிதானமாக ஓடிய ஒரு டீசல் சத்தத்தை அவர் தேர்ந்தெடுத்தார். பீரங்கிச் சத்தம் வேண்டாம் என்று கையால் காட்டினார்.

டேங்க் முற்றத்தில் இறங்கி ஓடியது. ரிமோட்டை அழுத்த அழுத்த இன்ஜின் சத்தம் ஏறியது, விட்டால் இறங்கியது. அடுப்படியிலிருந்து வெயிலுகந்தம்மாள் வந்து வாசற்காலில் சாய்ந்து நின்றாள். சாவு விழுந்த துஷ்டி வீட்டில் கலகலப்பு வந்ததை வெறுப்பாளோ என்று சங்கரபாண்டியனுக்குப் பயமாக இருந்தது. அவள் கையை நீட்டி ரிமோட்டை வாங்கினாள். எதையோ அழுத்தினாள். பீரங்கிக் குழல் சட்டென்று பின்னால் போய் முன்னால் வந்தது. சத்தமே இல்லை.

"இது ஏன் ஊமையா போயிட்டு வருது?"

"அதுக்குச் சத்தம் போடல," என்றார்.

"அவ போட்டிருப்பாள்லா?"

"வெடிச் சத்தம் இந்த வீட்டுக்குள்ள வேண்டாம்ட்டி."

"நீங்க அதைக் கேட்டியளா?"

ஆலை வெடித்த அன்று அவர் கடையில் மோட்டாரை ஓடவிட்டுச் சோதித்துக்கொண்டிருந்தார். ஒன்றும் கேட்கவில்லை. யாரோ போன் பண்ணித்தான் தெரியும்.

"நான் கேட்டேன்," என்றாள் வெயிலுகந்தம்மாள். "நம்ம புஞ்சைல நின்னேன். உளுந்து மொளைச்சி வாடிக் கிடந்துச்சி. மழைய எதிர்பாத்து எதிர்பாத்துக் கண்ணு பூத்துப் போயிருந்துச்சில்லா. தெக்க இருந்து டமார்னு ஒரு சத்தம். இடின்னு நெனச்சேன். பக்கத்துப் புஞ்சை மாடத்திகிட்ட, 'ஏட்டி, வந்துட்டு பாரு மழை'ன்னு சொல்லிச் சிரிச்சேன். எம்புள்ள மேல செவுரு விழுந்த நேரத்துல நான் பல்லக் காட்டிட்டு வானத்தப் பாத்து நின்னிருக்கேன்."

இத்தனை மாதத்தில் அவள் இதை யாரிடமும் சொன்னதில்லை. மாடத்தியும் சொல்லவில்லை. அதன் பிறகு அவள் ஏன் புஞ்சைப் பக்கமே போகவில்லை என்பது சங்கரபாண்டியனுக்கு இப்போதுதான் தெரிந்தது.

"போடு தாயி," என்றாள் சத்யபிரியாவிடம். "அந்தச் சத்தத்த நான் இன்னொருக்க கேக்கணும். பெத்தவளுக்கு அது வெடின்னு தெரிஞ்சிருக்கணுமா, தெரியாதான்னு பாக்கணும்."

சத்யபிரியா அவரைப் பார்த்தாள். அவர் தலையசைத்தார்.

லேப்டாப்பில் இருந்த பீரங்கிச் சத்தங்களை அவள் கார்டில் ஏற்றி ஏற்றிப் போட்டாள். சின்ன ஸ்பீக்கரில் ஒன்று கதவு அறைந்ததுபோல் கேட்டது. ஒன்று தகரத்தில் கல் விழுந்ததுபோல். குழல் ஒவ்வொரு முறையும் பின்னால் போய் வந்தது. வெயிலுகந்தம்மாள் கண்ணை மூடிக்கொண்டு கேட்டாள்.

"இது இல்ல."

"இதுவும் இல்ல."

கடைசிச் சத்தமும் முடிந்தது. அவள் அப்படியே தரையில் உட்கார்ந்தாள். "இனி எப்படித் தெரியும் எனக்கு?"

சத்யபிரியா லேப்டாப்பை மூடினாள். "அம்மா, அன்னைக்கு நான் ஓட்டப்பிடாரத்துல எங்க வீட்லதான் இருந்தேன். எங்களுக்கும் கேட்டுச்சி. எங்கம்மா மழை வருதுன்னு கொடியில கெடந்த துணியெல்லாம் ஓடி ஓடி எடுத்தாவ. நானும் இடின்னுதான் நெனச்சேன்."

"நெசமாவா தாயி?"

"நெசமாத்தாம்மா."

வெயிலுகந்தம்மாள் அவள் கையைப் பிடித்து முகத்தில் வைத்துக்கொண்டு அழுதாள். அடக்கச் சடங்கில்கூட அவள் அப்படி அழவில்லை.

மதியச் சாப்பாடு முடிந்து சத்யபிரியாவைப் பஸ் ஏற்றிவிட சங்கரபாண்டியன் கூடப் போனார். வெடி விபத்து நடந்த அன்று சாயங்காலம் அவளுக்குத் தகவல் சொன்னவரே அவர்தான். திருநெல்வேலி விடுதிக்குத்தான் போன் பண்ணினார்; வேலை முடிந்து அப்போதுதான் அறைக்கு வந்ததாக அவள் சொன்னாள். அவள் அங்கிருந்து பஸ் பிடித்து வந்து சேர்ந்ததும் அவருக்கு நினைவிருந்தது.

பஸ் வருகிறவரை இரண்டு பேரும் அதைப் பேசவில்லை. ஏறும்போது மட்டும் அவள் திரும்பி, "அப்பா, அம்மாகிட்ட..." என்று இழுத்தாள்.

"நீ போயிட்டு வாம்மா," என்றார்.

புரட்டாசியில் வெயிலுகந்தம்மாள் விதைப்பெட்டியை எடுத்துக்கொண்டு புஞ்சைக்குப் போனாள். அவர் தடுக்கவுமில்லை, விடுதிக்குப் போன் பண்ணியதை அவளிடம் சொல்லவுமில்லை.