திருப்பி அனுப்பிய அட்டைகள்

அகராதி அலுவலகத்தின் மூன்றாவது மாடியில், ஜன்னலை ஒட்டிய மேசையில், அவர்கள் இருவரும் நான்கு மாதங்களாக ஒரே ஓர் ஆங்கிலச் சொல்லோடு உட்கார்ந்திருந்தார்கள். ‘செட்’. ஒவ்வொரு பொருளையும் அவன் ஓர் அட்டையில் எழுதுவான். அவள் சரிபார்த்துக் கையெழுத்திடுவாள். பிழை இருந்தால் சிவப்புப் பென்சிலால் குறித்துத் திருப்பி அனுப்ப வேண்டும். அட்டைகள் முடிந்தால் சொல் முடிந்தது. சொல் முடிந்தால் அவனுடைய ஒப்பந்தமும் முடிந்தது. பன்னிரண்டு மணி நேர ரயில் தூரத்தில் வேறொரு வேலை அவனுக்குத் தயாராக இருந்தது.

சூரியன் மறைவது ஓர் அட்டை. சிமெண்ட் இறுகுவது ஓர் அட்டை. முறிந்த எலும்பைப் பொருத்துவது, கடிகாரத்தில் அலாரம் வைப்பது, வீடு மாதிரி மேடையில் நிறுத்தும் பொய்ச் சுவர், டென்னிஸில் ஆறு ஆட்டம் ஜெயிப்பது. அவளுடைய அப்பாவின் பல்லுக்கும் ஓர் அட்டை இருந்தது.

“ஏம்மா, இன்னும் அதே சொல்தானா?” அப்பா பல்செட்டைக் கழற்றிக் கிண்ணத்தில் போட்டார். பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவர். “நான் ஓட்டின வண்டிகூட இத்தனை ஸ்டாப்ல நின்னதில்ல.”

“இது டவுன் பஸ்ப்பா. கை காட்டினா நிக்கும்.”

“கை காட்டறது யாரு?”

அவள் மறுநாளைக்கான சட்டையைத் தேய்த்துக்கொண்டிருந்தாள். தேய்த்து முடித்த சட்டைக் கையையே இன்னொரு முறை தேய்த்தாள்.

சொல்லின் பிறப்பை எழுதிய அன்று அவன் பேனாவை மூடிவிட்டுச் சொன்னான். “இதுக்கு ரெண்டு பூர்வீகம். ஒண்ணு பழைய ஆங்கிலம். உட்கார வைக்கறதுன்னு அர்த்தம். இன்னொண்ணு லத்தீன், பிரெஞ்சு வழியா வந்திருக்கு. வேரைத் தோண்டிப் பார்த்தா, ஒருத்தர் பின்னாலயே போறதுன்னு அர்த்தம்.”

“ரெண்டும் ஒரே வீட்ல குடியிருக்கா?”

“சண்டை சச்சரவு இல்லாம.”

அன்று வீடு திரும்பும் வழியெல்லாம், அவன் போகவிருந்த, தான் பார்த்தேயிராத ஊரை அவள் மனதில் கட்டிக்கொண்டே போனாள். மழையில் நனைந்த பிளாட்பாரம். மாடிப்படி. அவன் திறக்கப்போகும் கதவு. அதற்குப் பச்சை நிறம் கொடுத்தாள், பிறகு மாற்றி நீலம் கொடுத்தாள். ஆனால் அந்தக் கதவருகே தானும் நிற்பதாக மட்டும் நினைக்க வரவில்லை.

புதன்கிழமை அகராதியின் தலைமைப் பதிப்பாசிரியர் வந்தார். எதையும் பாதியாக வெட்டுகிறவர் என்பதால் அவருக்குக் கத்தரி மேடம் என்று பெயர்.

“நூத்தி நாற்பது அட்டைல ஒண்ணு குறையுது. வெள்ளிக்கிழமை பெட்டி அச்சகத்துக்குப் போயாகணும். அது என்ன உங்க மாமனார் வீடா, நினைச்சப்ப போறதுக்கு?”

அந்த அட்டை அவள் இழுப்பறையில் இருந்தது. ‘பயணம் புறப்படுவது’ என்ற பொருளுக்கான அட்டை. மூன்று நாளாக அதில் ஒரு பிழையைத் தேடிக்கொண்டிருந்தாள். ஒன்று கிடைத்தால் போதும். இன்னொரு முறை அவனிடம் போய், இன்னொரு முறை அவளிடம் வரும்.

மேடம் போனதும் அவன் நாற்காலியைத் திருப்பினான். “அது உங்ககிட்டதான் இருக்கு.”

“தேடறேன்.”

“அட்டையையா, தப்பையா?”

அவள் சிவப்புப் பென்சிலைச் சீவத் தொடங்கினாள்.

“இதுவரைக்கும் முப்பத்தொரு அட்டை திருப்பி அனுப்பியிருக்கீங்க. அதுல இருபத்தெட்டு சரியாத்தான் இருந்துச்சு.”

“தெரிஞ்சும் எதுக்குத் திருத்தி எழுதுனீங்க?”

அவன் மேசை விளிம்பில் இருந்த பசைத் துளியை நகத்தால் சுரண்டினான். “எழுதினாத்தானே மறுபடி உங்ககிட்ட வரும்.”

வெளியே யாரோ மாடிப்படியில் இறங்கும் சத்தம் அடிவரை கேட்டது.

“அங்க உங்க அட்டையைப் பார்க்கறது யாரு?”

“யாரோ. ரொம்பக் கண்டிப்பாம். தப்பு இருந்தா மட்டும்தான் திருப்புவாங்களாம்.”

அவளுக்குச் சிரிப்பு வந்தது, பாதியில் நின்றது. போகாதீங்க என்று அவள் சொல்லவில்லை. வாங்க என்று அவனும் சொல்லவில்லை. இழுப்பறையைத் திறந்து அட்டையை எடுத்தாள், கையெழுத்திட்டாள், பெட்டியில் அதன் இடத்தில் செருகினாள்.

திங்கட்கிழமை அடுத்த சொல்லுக்கு ஒரு புதியவர் வந்தார். அவருடைய முதல் அட்டையில் இரண்டு பிழைகள் இருந்தன. அவள் அதைத் திருப்பி அனுப்பவில்லை. தானே திருத்திக் கையெழுத்துப் போட்டுவிட்டு, அடுத்ததை எடுத்தாள்.