நூறு கிராமில் உள்ளவை

பாக்கெட்டின் பின்பக்கம் அச்சடித்திருக்கும் சத்துப் பட்டியலை, வரிக்கு வரி, அதிகாரியின் கண் முன்னால் செய்து காட்டிய பிறகுதான் காரத் தீனி கடைக்குப் போக முடியும். திண்டுக்கல் தொழிற்பேட்டையில் இருந்த அந்த மிக்சர் கம்பெனியில் செய்து காட்டும் வேலை சவரியம்மாளுடையது. பதினோரு வருடமாக அவள்தான் தின்று காட்டுகிறாள்.

அது ஆடி மாதம். அன்றைக்குப் புதுச் சரக்கு, பூண்டு கார மிக்சர். முத்திரை கிடைக்காவிட்டால் பாக்கெட் போடும் அறுபது பெண்களுக்கும் திங்கட்கிழமையிலிருந்து வேலை இல்லை என்று முதலாளி காலையிலேயே சொல்லிவிட்டார். பெண்கள் எல்லோரும் தலையில் மாட்டிய பிளாஸ்டிக் தொப்பியோடு முற்றத்துக்கு வந்து நின்றார்கள். நிறைமாதமாக இருந்த மெர்சி வரிசைக் கடைசியில் நின்றாள். அதிகாரி திருமேனி அளவு நாடாவை இடுப்பில் செருகிக்கொண்டு, "ஆரம்பிக்கலாம்மா" என்றார்.

சவரியம்மாள் நூறு கிராமையும் மென்று முடித்தாள். மூக்கிலும் கண்ணிலும் நீர் வழிந்தது. தண்ணீர் குடிக்கவில்லை. குடித்தால் அது பட்டியலில் சேர்ந்துவிடும்.

"ஆற்றல், ஐந்நூற்று நாற்பது கிலோகலோரி."

அவள் உருளைக்கிழங்கு லாரியின் அடியில் கைகொடுத்துத் தூக்கினாள். சரக்கோடு பத்து டன். லாரி தண்ணீர் டேங்க் உயரத்துக்குப் போய் நின்றது. திருமேனி நாடாவைப் பிடித்து அளந்தார். இருபத்துமூன்று மீட்டர், சரியாக இருந்தது. மேலேயிருந்து டிரைவர் எட்டிப் பார்த்து, "மெதுவா எறக்குங்கக்கா, டீ கையில இருக்கு" என்றார். அவள் மெதுவாகவே இறக்கிவைத்தாள்.

புரதம் பன்னிரண்டு கிராம். அவளுடைய முழங்கையில் இருந்த பழைய எண்ணெய்த் தழும்பு எல்லோரும் பார்க்க மூடிக்கொண்டது. சோடியம் எண்ணூறு மில்லிகிராம். கேட்டுக்கு வெளியே பஸ்ஸுக்கு நின்றவர்கள் வரை தாகம் எடுத்தது. திருமேனி ஒவ்வொன்றுக்கும் டிக் போட்டார்.

"வைட்டமின் சி, பூஜ்யம்."

சவரியம்மாள் நிமிர்ந்தாள். "அதை எப்பவும் விட்டுடுவீங்களே சார்?"

"இந்த மாசத்துலேருந்து பூஜ்யத்தையும் பாக்கணும்னு உத்தரவும்மா."

"இல்லாததை எப்படிக் காட்றது?"

"எழுதியிருக்கீங்கல்ல. எழுதினதைக் காட்டணும்."

அவள் உள்ளங்கையை விரித்துக் காட்டினாள். திருமேனி தலையசைத்தார். "இது வெறுங்கை. வைட்டமின் சி இல்லாதது வேற."

முதலாளி கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டார். பெண்கள் சவரியம்மாளையே பார்த்தார்கள்.

அவள் கண்ணை மூடி நாக்கால் தேடினாள். முதலில் மிளகாய். அதைத் தாண்டினாள். பூண்டு, உப்பு, எண்ணெய் எல்லாவற்றையும் தாண்டிப் போனாள். நெல்லிக்காயின் புளிப்பு இருந்திருக்க வேண்டிய இடத்தில் ஒன்றும் இல்லாமல் இருந்தது. அதை மீன்முள்ளை எடுப்பதுபோல நாக்கு நுனியில் வைத்து வெளியே கொண்டுவந்து தரையில் விட்டாள்.

விட்டபோது பொட்டு அளவு இருந்தது. பிறகு முற்றம் அளவு ஆனது. பிறகு மதில் இருந்ததா என்று சொல்ல முடியவில்லை. நிறம் இல்லை, வாசனை இல்லை. இத்தனை வருடமாகக் காற்றில் தொங்கிய பூண்டு நெடி அங்கே வந்ததும் நின்றுவிட்டது. யாருடைய செல்போனோ அடித்தது. அந்தச் சத்தம் உள்ளே போனது, திரும்பவில்லை. பெண்கள் ஒவ்வொருவராகச் செருப்பைக் கழற்றினார்கள். டிரைவர் தலைத்துண்டை எடுத்து அக்குளில் வைத்துக்கொண்டார்.

இவ்வளவு பெரியதையா இந்த உள்ளங்கையளவு பாக்கெட்டில் அடைத்து ஒட்டினோம் என்று நினைத்தாள் சவரியம்மாள். தினமும் நாலு மணி டீயோடு இதைத் தின்றிருக்கிறாள். பிள்ளைகளுக்கும் வாங்கிப் போயிருக்கிறாள். அத்தனையும் தனக்குள் இப்படித்தான் விரிந்து கிடக்கிறதா? தன்னைவிடத் தன் வயிறு பெரிது என்று முதல்முறையாகத் தோன்றியது.

திருமேனி நாடாவை உள்ளே விட்டார். ஐம்பது மீட்டரும் போய்விட்டது. இன்னொரு நாடாவை முடிந்து விட்டார். அதுவும் போனது. கடைசியில் நுனியைக் கைவிட்டுவிட்டு, கைகட்டிக்கொண்டார்.

"முழுசா இருக்கும்மா" என்றார் மெல்லிய குரலில்.

டிக் போட்டார். சவரியம்மாள் மூச்சை உள்ளே இழுத்து அதைத் திரும்ப எடுத்துக்கொண்டாள். மதிலும் பூண்டு நெடியும் வந்தன. அவர் முத்திரையை மையில் ஒற்றினார். பிறகு கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு, "இன்னும் ஒரு வரி இருக்கே" என்று வாசித்தார்: "தயாரித்த நாளிலிருந்து நான்கு மாதங்களுக்குள் உபயோகிக்கவும்."

சவரியம்மாள் விரலில் ஒட்டியிருந்த மசாலாவை நக்கினாள்.

விரலை வாயிலிருந்து எடுத்தபோது ஆடி போய்க் கார்த்திகை மழை சாய்வாக அடித்துக்கொண்டிருந்தது. நிறைமாதமாக வரிசைக் கடைசியில் நின்ற மெர்சியின் இடுப்பில் ஒரு குழந்தை உட்கார்ந்து தும்மியது. சவரியம்மாள் தன் முந்தானையை அதன் தலைக்கு மேல் பிடித்தாள். திருமேனி குனிந்து குழந்தையின் பெயரைக் கேட்டு, எழுத்துப் பிழையில்லாமல் படிவத்தில் எழுதிக்கொண்டார்.